தேநீரும் 23ஆம் உறுப்புரையும்



1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைகள் பிரகடனத்தின் 23ஆம் உறுப்புரையை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம். விரும்பிய தொழிலைத் தெரிவு செய்தல், சம வேலைக்குச் சம ஊதியம், தொழிற்சங்கம் அமைத்தல் ஆகிய உரிமைகள் அதில் உள்ளன. நாம் அதிகம் கவனிக்காத ஒன்றும் உண்டு. உழைப்பவரும் அவர் குடும்பமும் மனித மதிப்புடன் வாழ ஊதியம் போதுமானதாக இருக்க வேண்டும் என்பதே அது. வயிறு நிறைந்தால் போதும் என்று அங்கே எழுதப்படவில்லை.

இதை விளங்கிக்கொள்ள, காலையில் நாம் அருந்தும் தேநீரே போதும்.

தமிழகத்திலிருந்து மலையகத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து வந்தவர் கங்காணி. வழிச்செலவு முதலியன தொழிலாளியின் பேரில் கடனாக எழுதப்பட்டன. 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுப்பது. புதிய தோட்டம் அதைக் கட்டும். கடனோ தொழிலாளியின் தலையிலேயே கூடப் போகும். ஆளைக் கடதாசியில் விலை பேசிய வேலை இது! 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது.

பெண்களின் கதை வேறு. மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் அவர்களுக்குக் கிடைத்ததோ 1984இல், அதுவும் வேலைநிறுத்தத்தின் பின். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' போடுவது பற்றி மலையகத்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

பிரகடனம் வந்த அதே 1948இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. வாக்கில்லாதவரின் சம்பளக் கோரிக்கைக்கு யார் காது கொடுப்பார்? எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. வடக்கிலிருந்த நாமும் 'தோட்டக்காட்டார்' என்ற சொல்லை நாக்கூசாமல் சொல்லி வந்தோம். இதையும் பிள்ளைகள் அறியட்டும்.

பின்னர் நாமே அகதிகளாக இங்கு வந்தோம். ஊரில் ஆசிரியராக இருந்தவர்கள் இரவில் பெற்றோல் நிலையத்திலும் உணவகச் சமையலறையிலும் நின்றோம். அவ்வேலையில் இழிவு இல்லை. மேலதிக நேரத்துக்குக் காசு கேட்டபோது விசாவைச் சொல்லி வாயடைத்தார்களே, அதுதான் சுட்டது. இன்று எம்மவர் கடைகளில் புதிதாக வந்த பிள்ளைகள் நிற்கின்றனர். அவர்களுக்குச் சம்பளச் சீட்டு கொடுக்கிறோமா? திருவிழாவுக்கு ஊரிலிருந்து அழைக்கும் நாதஸ்வர, தவில் கலைஞர்களுக்கு ஓய்வு நாள் உண்டா? நிர்வாக சபைக் கூட்டத்திலும் இதைக் கேட்கவிருக்கிறோம்.

அடுத்த பாடம் 24ஆம் உறுப்புரை: ஓய்வும் சம்பளத்துடன் விடுமுறையும். அதற்கு முன் பிள்ளைகள் வீட்டிலுள்ள பெரியவர்களிடம், இந்நாட்டில் முதலில் செய்த வேலை என்ன, மணித்தியாலத்துக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டுத் தமிழில் அரைப்பக்கம் எழுதி வருக. அப்பாவிடம் மட்டுமல்ல, அம்மாவிடமும் கேளுங்கள்.