வெள்ளி பூசிய குழாய்

அன்புள்ள சகோதரிக்கு,

அறுவைச் சிகிச்சை முடிந்த அப்பாவுக்கு யூரின் டியூப் போட்டிருக்கிறார்கள், வெள்ளிப் பூச்சுள்ள குழாய்க்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சில நாளுக்கான குழாய் என்றால் வேண்டாம் என்பதே என் எண்ணம்.

வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும், சந்தேகமில்லை. ஈரம் பட்டதும் அதிலிருந்து கசியும் அயனிகள் கிருமியின் புரதங்களைப் பற்றி முடக்கிவிடும். நானோ துகளாக்கினால் மேற்பரப்பு பெருகி, கசிவும் கூடும். ஆனால் கசியக் கசியச் சரக்கு தீரும். போதாக்குறைக்கு, குழாய் உள்ளே போனதுமே நம் உடம்பின் புரதங்கள் அதன்மேல் படியத் தொடங்கும். அந்தப் படிவின்மேல், குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பதுபோல் கிருமிகள் குடியேறும். அடியில் கிடக்கும் வெள்ளி அவற்றை எட்டுவதே கடினம்.

பிரிட்டனின் 24 மருத்துவமனைகளில், குறுகிய காலத்துக்குக் குழாய் போடப்பட்ட சுமார் 7,000 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2012இல் 'லான்செட்' இதழில் வந்தது. 6 வாரத்துக்குள் சிறுநீர்த் தொற்று கண்டவர்கள் வெள்ளிக் குழாயில் 12.5 சதவீதம், சாதாரணக் குழாயில் 12.6. இந்த இரண்டு எண்களையும் பார்த்த பிறகு, ஆய்வகத் தட்டில் எத்தனை கிருமி செத்தது என்ற கணக்கு மட்டும் எனக்குப் போதவில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது ஒரு சில்வண்டு. அதே 2012இல், மெல்போர்னின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் எலெனா இவனோவாவின் குழு அதன் இறக்கையில் சூடோமோனாஸ் கிருமிகளை விட்டுப் பார்த்தது. சில நிமிடங்களில் அவை கிழிந்து செத்தன. இறக்கை முழுக்க சுமார் 200 நானோமீட்டர் உயரத் தூண்கள். மெல்லிய தங்கம் பூசி வேதியியலை மாற்றினார்கள், அப்போதும் செத்தன. கொன்றது மருந்தல்ல, வடிவம்! தீர்ந்துபோக அதில் ஒன்றுமில்லை. தடித்த சுவருள்ள கிருமிகள் அதில் தப்பின. ஆனால் தட்டான் இறக்கையும், அதைப்போலச் செய்த கறுப்புச் சிலிக்கானும் அவற்றையும் கொன்றன. இனி வெல்ல வேண்டியது தேய்மானத்தையும் அடைப்பையும். துணியால் அழுத்தித் துடைத்தால் தூண்கள் முறியும், செத்த கிருமிகளே இடுக்கை அடைக்கும்.

இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பவை: குழாயைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். யூரின் பை இடுப்புக்குக் கீழேயே தொங்கட்டும், தரையில் பட வேண்டாம். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம், "இன்றைக்கு டியூபை எடுத்துவிடலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்பா சீக்கிரம் வீடு திரும்பட்டும்.

அன்புடன்