நோயாளியைத் தேடிச் செல்லும் மருத்துவம்





நம் சத்துவாச்சாரியில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிவிடலாம். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கிருந்தோ மக்கள் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்கள். 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் வெளியிட்ட அறிக்கை, அடிப்படை மருத்துவ வசதி முழுமையாகக் கிடைக்காத மக்கள் உலகில் சுமார் 450 கோடிப் பேர் என்கிறது. இதைக் கேட்டால் நமக்கு ஆப்பிரிக்காவோ, ஏதோ ஒரு மலைக் கிராமமோதான் நினைவுக்கு வருகிறது. நம்மைப் பற்றிய பேச்சாகவே தோன்றுவதில்லை.

ஆனால் அந்த ஆஸ்பத்திரி வேலூருக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் பாருங்கள். மூன்று பெண்களின் மவுத்திலிருந்து வந்தது. அவர்களில் ஒருவர் முஸ்லிம் பெண்.

ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தந்தை மிஷனரி டாக்டர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வீடு தேடி வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவரும் மேல்சாதி இந்து. மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். "என் தந்தை டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. அந்நிய ஆண் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவருமே மறுத்துத் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். டாக்டராவதில்லை என்றிருந்த அந்தப் பெண், அதன் பிறகுதான் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1900-ல் திரும்பி வந்து, வேலூரில் தந்தையின் பங்களாவில் ஒரே ஒரு கட்டிலுடன் வைத்தியத்தைத் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை எழுந்தது. ஆரணி ரோட்டில் இன்று கண் ஆஸ்பத்திரியாக இருக்கிறதே, அதுதான்.

இந்தச் சம்பவத்தை வேலூரில் பலரும் சொல்வார்கள். நான் கேட்க விரும்புவது வேறு. அந்த இரவில் குறை எங்கே இருந்தது? ஊரில் டாக்டர் இருந்தார். கூப்பிடு தூரத்தில் இருந்தார். வரவும் தயாராக இருந்தார். ஆனாலும் அந்தப் பெண்களைப் பொறுத்தவரை வைத்தியம் இல்லாத ஊராகவே அது இருந்தது.

மார்க்கம் இதைக் கேட்டதா? ஹயா ஈமானின் ஒரு பகுதி, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஃபுகஹாக்கள் இந்த மஸ்அலாவைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பெண்ணுக்குப் பெண் மருத்துவரே முதலில். அவர் கிடைக்காதபோது ஆண் மருத்துவர் பார்க்கலாம், தேவையான இடத்தை, தேவையான அளவுக்கு மட்டும். மஹ்ரம் உடன் இருக்கட்டும். உயிருக்கு ஆபத்து என்று வரும்போது "பார்க்க விடமாட்டேன்" என்று கதவை மூடுவதற்கு ஷரீஅத்தில் ஆதாரம் இல்லை. கிராமத்து அரபிகள் வந்து, நாங்கள் மருந்து செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்று சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அதில் ஆண்களுக்கு மட்டும் என்ற நிபந்தனை இல்லை.

அந்த மதீனாவிலேயே வைத்தியம் பார்த்த பெண்கள் இருந்தார்கள். அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் காயப்பட்டபோது, அருகில் வைத்து விசாரிப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் மஸ்ஜிதிலேயே கூடாரம் அடிக்கச் செய்தார்கள். காயப்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர் ருஃபைதா (ரலி) என்ற ஸஹாபியப் பெண்மணி. பள்ளிவாசல் வளாகத்தில் ஆஸ்பத்திரி, அதில் ஒரு பெண் வைத்தியர்! இன்று நம் பள்ளியில் ஒரு பிரஷர் பார்க்கும் மெஷின் வைக்கலாம் என்றால் கமிட்டியில் மூன்று மாதம் பேசுகிறோம்.

ஐடா அம்மையார் ஆஸ்பத்திரியைக் கட்டிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் வண்டியில் மருந்துடன் போய், மரத்தடிகளில் காத்திருந்த கிராமத்து மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அவர் ஒருவரே எத்தனை வாசலுக்குப் போக முடியும்?

நோயாளியைத் தேடிப் போவது நம் முன்னோர்களுக்கும் தெரிந்த வழிதான். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் அலீ இப்னு ஈஸா என்ற வஸீர், தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்துக்குக் கடிதம் எழுதினார். சிறையில் இருப்பவர்களுக்கு நோய் வராமல் இருக்காது, அவர்களால் வைத்தியரைத் தேடி வரவும் முடியாது, தினமும் மருத்துவர்களை அங்கே அனுப்புங்கள் என்றார். இன்னொரு கடிதத்தில், வைத்தியரே இல்லாத கிராமங்களுக்கு மருந்துப் பெட்டியுடன் ஆட்களை ஊர் ஊராக அனுப்பச் சொன்னார். கெய்ரோவில் 1284-ல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் ஏழை, பணக்காரர் எல்லோருக்கும் இலவச வைத்தியம், பெண்களுக்குத் தனிப் பகுதி. செலவு முழுவதும் வக்ஃபு சொத்திலிருந்து.

இப்போது நம் பக்கம் வருவோம். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி பகுதியில் வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சகோதரிகள் ஏராளம். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. கம்பெனிக்குள் வேலை செய்பவருக்கு இ.எஸ்.ஐ. அட்டை உண்டு. வீட்டில் தைப்பவருக்கு எந்த அட்டையும் இல்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று.

அப்படிப்பட்ட ஒரு சகோதரியின் ஜனாஸாவை நான் தொழ வைத்தேன். மார்பில் கட்டி என்று தெரிந்து ஒன்றரை வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். வெட்கம் ஒரு பக்கம், மகள் நிக்காஹ் முடியட்டும் என்பது ஒரு பக்கம். அவர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று நினைக்கிறீர்கள்? உலகமே தேடி வரும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே, திண்டிவனத்தின் அந்த இரவை நாம் இன்னும் கடக்கவில்லை.

2024 டிசம்பரில் ஆப்கானிஸ்தானில் பெண்கள் செவிலியர் படிப்பும் மருத்துவச்சி படிப்பும் படிப்பதை நிறுத்தினார்கள். பெண்ணை ஆண் டாக்டர் பார்ப்பதும் விரும்பப்படவில்லை, பெண் வைத்தியம் படிக்கவும் கூடாது என்றால், பிரசவ வேதனையில் இருப்பவளுக்கு யார் போவது? இதை மார்க்கத்தின் பெயரால் செய்வது பெரும் தவறு. பாகிஸ்தானில் 1994-லிருந்து அந்தந்தக் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். பர்தாவுக்குள் இருக்கும் பெண்ணின் சமையலறை வரை அவர்களால் போக முடிகிறது. நம் தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். அந்தச் சகோதரிகள் கதவைத் தட்டினால், ஆம்பளைங்க வீட்டில் இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

மகள் நர்சிங் படிக்கிறேன் என்றால், நைட் டியூட்டி, நாலு பேர் பார்வை என்று தடுக்கும் தகப்பன்மார்களே! உங்கள் மனைவியைப் பார்க்கப் பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கவுன்ட்டரில் கேட்கிறீர்கள். அந்தப் பெண் டாக்டர் யாரோ ஒருவருடைய மகள்தானே?

ஜகாத் பற்றிக் கேட்கிறார்கள். ஹனஃபி மத்ஹபின்படி ஜகாத் பணம் ஏழையின் கையில் உரிமையாகப் போய்ச் சேர வேண்டும். அதில் மெஷின் வாங்கவோ கட்டடம் கட்டவோ முடியாது. தகுதியுள்ள நோயாளியிடம் கொடுத்து அவர் பில் கட்டலாம், அல்லது அவர் அனுமதியுடன் அவருக்காக நாம் கட்டலாம். மெஷின், ஆட்டோ செலவு, பரிசோதனை முகாம் எல்லாம் ஸதகாவிலிருந்து. ஆபரேஷன் என்றதும் வட்டிக்கு ஓடாதீர்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் இன்றே எடுத்து வையுங்கள். நோய் வந்த பிறகு தாலுகா ஆபீசுக்கு அலைய முடியாது.

தொழுகை முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு வைத்திருப்போம். தெரு வாரியாக எழுதுங்கள்: வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்கள், சுகர் மாத்திரையை நிறுத்தியவர்கள், கர்ப்பிணிகள், வீட்டில் தைக்கும் சகோதரிகள். பெண்கள் விவரத்தை நம் ஆலிமா பெண்மணிகளிடம் சொன்னால் போதும், ஆண்கள் கைக்கு வராது. பரிசோதனைக்குக் கூட வர ஆள் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். அன்றைய கூலி இழப்பை பைத்துல்மாலிலிருந்து கொடுக்க முத்தவல்லி சாஹிப் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நோயில் படுத்திருக்கும் நம் மஹல்லாவாசிகளுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.