இரண்டாம் வயலின் என்று எழுதுங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. சென்னையில் பள்ளி நாட்களில் மேற்கத்திய வயலின் கற்று டிரினிட்டி ஐந்தாம் கிரேடு முடித்தேன். கூடவே கொஞ்சம் கர்னாடக வயலினும் உண்டு. கல்யாணம், குழந்தைகள், அமெரிக்கா என்று வயலின் பெட்டியைத் திறக்காமலே பல வருடங்கள் போய்விட்டன. 4 ஆண்டுகளாக மறுபடியும் ஆசிரியரிடம் போகிறேன். நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வரிசையில் வாசிக்கிறேன். இந்தக் கோடையில், பெரியவர்களுக்கான ஒரு வாரச் சேம்பர் இசைப் பட்டறைக்குப் போக ஆசை. விண்ணப்பத்தைத் திறந்தால் தலை சுற்றுகிறது. தனி ஆளாகவா, குழுவாகவா? வாசிப்பவராகவா, கேட்பவராகவா? முழு வாரமா, வார இறுதி மட்டுமா? பாடம் முன்கூட்டியே வேண்டுமா, அங்கேயே பார்த்து வாசிப்பீர்களா? உங்கள் தரம் என்ன? ஆர்க்கெஸ்ட்ரா தோழிகள் இருவரும் ஒரு செல்லோக்காரரும் “நாலு பேரும் ஒரே குழுவாகப் போகலாம்” என்கிறார்கள். செல்லோக்காரர் எங்களைவிட நன்றாக வாசிப்பவர். தோழிகளில் ஒருத்தி இப்போதுதான் வியோலாவுக்கு மாறியிருக்கிறாள். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனி ஆளாக, வாசிப்பவராக, முழு வாரத்துக்கு, பாடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டாம் வயலினுக்கு விண்ணப்பியுங்கள். தரம் என்ற கட்டத்தில் மனதில் தோன்றுவதைவிட ஒரு படி கீழே எழுதுங்கள். காரணங்களைக் கேட்டுவிட்டு நீங்கள் மறுக்கலாம்.

தரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், பலரும் சறுக்குவது அங்கேதான். 1947இல் இண்டியானாபொலிஸைச் சேர்ந்த லியோனார்ட் ஸ்ட்ராஸ் என்ற வணிகர் அமெச்சூர் சேம்பர் மியூசிக் பிளேயர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். வேலையாக வெளியூர் போகும்போது அந்த ஊரில் குவார்டெட் வாசிக்க ஆள் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. உறுப்பினர் பட்டியலில் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஏ, பி, சி என்று தரம் போட்டுக்கொள்வார்கள். தேர்வும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. பெயரில் சிறு மாற்றத்தோடு அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. பல பட்டறைகள் அதே முறையில்தான் தரம் கேட்கின்றன.

இது உங்கள் பெருமைக்காகக் கேட்கப்படும் கேள்வி இல்லை. உங்களோடு உட்காரப்போகும் மூன்று பேரை இதை வைத்துத்தான் பொறுக்குவார்கள். ஒரு படி கூட்டி எழுதினால் அந்த மூவரின் வாரமும் உங்களோடு சேர்ந்து கெடும். ஒரு படி குறைத்து எழுதினால் அதிகபட்சம் முதல் நாள் பாடம் கொஞ்சம் சுலபமாக இருக்கும், அவ்வளவுதான். 30 வருடத்துக்கு முந்தைய கிரேடு இங்கே உதவாது. சமீபத்தில் எந்தெந்த குவார்டெட்டில் எந்தப் பகுதியை முழுசாக, நிற்காமல் வாசித்தீர்கள் என்று எழுதுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். குழு பிரிப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் கிடையாது.

ஆர்க்கெஸ்ட்ரா அனுபவம் இதில் உங்களைக் கொஞ்சம் ஏமாற்றும். அங்கே உங்கள் வரிசையில் பத்துப் பேர் அதே ஸ்வரத்தை வாசிக்கிறார்கள். நீங்கள் இரண்டு பார் விட்டுவிட்டாலும் கச்சேரி நடக்கும். கர்னாடகப் பழக்கமும் வேறு வகையில் ஏமாற்றும். பக்கவாத்திய வயலின் பாடகரின் நிழலாகப் போகும் கலை. காது கூர்மையாக இருந்தால் போதும், தொடர்ந்து பிடித்துவிடலாம். குவார்டெட்டில் உங்கள் பகுதியை வாசிக்க உங்களைத் தவிர ஆள் இல்லை. ஐந்து பார் ரெஸ்ட் என்றால் நீங்களேதான் எண்ண வேண்டும், ஆறாவதில் நீங்களேதான் நுழைய வேண்டும். யாரையாவது கேட்டுவிட்டுப் பின்னால் நுழைந்தால் ஏற்கெனவே தாமதம். ஆனால் சுருதி விஷயத்தில் உங்கள் கர்னாடகக் காது பெரிய சொத்து. செல்லோவின் அடி ஸ்வரத்தோடு உங்கள் ஸ்வரம் சேர்கிறதா என்பது, தம்புராவோடு பழகியவருக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

இரண்டாம் வயலின் என்று சொன்னதில் மனத்தாங்கல் வேண்டாம். 1784 வாக்கில் வியன்னாவில் ஒரு வீட்டு விருந்தில் நால்வர் குவார்டெட் வாசித்தார்கள். முதல் வயலின் ஹைடன், இரண்டாம் வயலின் டிட்டர்ஸ்டார்ஃப், வியோலா மொஸார்ட், செல்லோ வான்ஹால். விருந்தில் இருந்த மைக்கேல் கெல்லி என்ற ஐரிஷ் பாடகர் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். நால்வரில் எவரும் தம் வாத்தியத்தில் அசகாய சூரர் இல்லை என்பது அவர் அபிப்பிராயம்! நல்ல வயலின்காரரான மொஸார்ட் குவார்டெட்டில் வியோலாவைத்தான் விரும்பி எடுத்தார். நடுக் குரல்களில் உட்கார்ந்தால் மேலும் கேட்கும், கீழும் கேட்கும். முதல் வயலினில் உட்கார்ந்த புதியவருக்குத் தன் வாசிப்பு மட்டுமே கேட்கும். ஒரு வாரத்தில் சேம்பர் இசை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள இரண்டாம் வயலினைப் போல வசதியான நாற்காலி இல்லை.

இப்போது உங்கள் தோழிகள். நால்வரும் குழுவாகப் போகும் யோசனை கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் சம்மதம் இல்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: செல்லோக்காரர் உங்களைவிட மேல், வியோலாத் தோழி இப்போதுதான் ஆல்டோ கிளெஃப் படிக்கக் கற்கிறார். பயிற்றுநர் முதல் இரண்டு நாளும் அந்தத் தோழியின் பகுதியிலேயே நிற்க வேண்டியிருக்கும். செல்லோக்காரருக்குச் சலிப்பு, தோழிக்குக் கூச்சம். எல்லார் முன்னாலும் “இந்த ஸ்வரம் சேரவில்லை” என்று அறிமுகமில்லாத ஒருவரிடம் சொல்வது எளிது. வாராவாரம் காரில் ஒன்றாக வருகிறவரிடம் சொல்வது அப்படியில்லை. தவிர, குழுவாகப் பதிவு செய்து ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மற்ற மூவரின் கதி என்ன என்பது பட்டறைக்குப் பட்டறை வேறுபடும். மாற்று ஆள் தருவார்களா, பணம் திரும்புமா என்று கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

குழுவாகப் போவதே சரி என்கிற சந்தர்ப்பமும் உண்டு. நால்வரும் ஒரு வருடமாவது மாதம் தவறாமல் கூடி வாசித்து, ஒரே ஒரு குவார்டெட்டில் இதற்குமேல் எங்களால் நகர முடியவில்லை என்ற இடத்துக்கு வந்திருந்தால் பயிற்றுநரிடம் அப்படியே போய் உட்காருங்கள். அந்த ஒரு வாரம் பொன்னான வாரம். நீங்கள் இன்னும் அங்கே வரவில்லை. இந்த ஆண்டு நால்வரும் அதே பட்டறைக்குத் தனித்தனியாக விண்ணப்பிப்பதில் தடையில்லை. பகலில் வெவ்வேறு குழுக்களில் வாசித்துவிட்டு, இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு காலி அறையைப் பிடித்து உங்கள் இஷ்டத்துக்கு வாசியுங்கள். பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த இராத்திரிகளுக்காகவே வருகிறார்கள் என்பது என் சந்தேகம்.

அந்த இராத்திரிகள்தான் பார்த்ததும் வாசிக்கப் பழகும் இடம். பயிற்சி வகுப்புக்கு அதைத் தேர்வு செய்யாதீர்கள். முன்கூட்டியே பாடம் தரும் திட்டத்தில் சேர்ந்து, உங்கள் பகுதியை ஆசிரியரிடம் காட்டி விரல் எண், வில் திசை எல்லாம் குறித்துக்கொண்டு போங்கள். எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய பிரதிகளில் பல நேரம் பார் எண்ணே இருக்காது, ஒத்திகை எழுத்துகளும் மாறியிருக்கும். “எழுபத்திரண்டிலிருந்து” என்று பயிற்றுநர் சொல்லும்போது விரலால் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். முழு ஸ்கோரைப் பக்கத்தில் வைத்து ஒலிப்பதிவை நாலைந்து தடவை கேளுங்கள். நீண்ட ரெஸ்ட் வரும் இடங்களில் மற்றவர் வாசிப்பதைப் பென்சிலால் சின்னதாகக் குறித்துவைத்தால் பாதி பயம் போய்விடும்.

என்ன பாடம் வேண்டும் என்று கேட்டால், மொஸார்ட் 1772-73இல், பதினாறு பதினேழு வயதில் எழுதிய ஆறு குவார்டெட்டுகளில் ஒன்றைச் சொல்லுங்கள். கோஷெல் எண் 155 முதல் 160 வரை. ஒவ்வொன்றிலும் மூன்றே பகுதிகள், எல்லாம் சிறியவை, நடுக் குரல்களுக்கும் வேலை உண்டு. ஹைடனின் ஓபஸ் 20 மீது ஆசை இருந்தால் எண்ணைப் பார்த்துக் கேளுங்கள். அந்த ஆறில் 2, 5, 6 மூன்றும் ஃபியூகில் முடிகின்றன. ஒருவர் எண்ணிக்கை தவறினால் நால்வரும் கவிழ்வது அங்கேதான்.

கேட்பவராகப் போவது உங்களுக்கு வேண்டாம். கட்டணம் குறைவுதான், ஆனால் வாசிக்கத் தெரிந்தவர் ஒரு வாரம் ஓரமாக உட்கார்ந்திருப்பது தண்டனை. கேட்கத்தான் ஆசை என்றால் வெர்மாண்டில் 1951 முதல் நடக்கும் மார்ல்போரோ விழாவுக்கு ஒரு வார இறுதியில் போய் வாருங்கள். ருடால்ஃப் செர்கினும் நண்பர்களும் தொடங்கியது. அங்கே வாசிப்பவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள், நமக்கு இடம் பார்வையாளர் நாற்காலியில்தான்.

முழு வாரமா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. புதிய நால்வர் ஒருவரை ஒருவர் கேட்க ஆரம்பிப்பதற்கே இரண்டு நாள் ஆகும், வார இறுதிக்காரர்கள் அதற்குள் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். உடம்பைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. வாரம் இரண்டு மணி நேர ஒத்திகைக்குப் பழகிய தோளும் கழுத்தும் திடீரென்று தினம் ஐந்தாறு மணி நேரம் தாங்காது. ஒரு மாதம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். தினம் எத்தனை குழுவில் போடுவார்கள் என்று கேட்டு, இரண்டுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடைசி நாள் கச்சேரி கட்டாயமா என்பதையும் விசாரியுங்கள். கட்டாயமானால் ஒரு சௌக்கப் பகுதி போதும்.

விண்ணப்பத்தின் அடியில் ‘வேறு ஏதேனும் சொல்ல வேண்டுமா’ என்ற கட்டம் இருக்கும். அதில், நால்வராக வாசிப்பது இதுவே முதல் தடவை என்றும், பொறுமையான பயிற்றுநர் வேண்டும் என்றும் இரண்டே வரி எழுதி, இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். வியோலாவுக்குக் கடைசி வரை ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். வயலின் இடங்கள்தான் முதலில் நிரம்பும்.