காருக்கும் வேண்டும் நல்ல எர்த்

பழைய பத்மினியையோ மாருதி 800-ஐயோ வாங்கி, கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும் அதை இயக்கும் ஈ.சி.யூ. பெட்டியும் பொருத்திப் பார்க்கும் ஆர்வம் நம் பிள்ளைகளில் சிலருக்கு உண்டு. நல்ல ஆர்வம்தான். ஆனால் பெட்டிக்குப் பல ஆயிரம் செலவழிப்பவர்கள், எர்த் வயரை ஏதோ ஒரு போல்ட்டில் முறுக்கிவிட்டு விடுகிறார்கள்.

மின்னோட்டம் போனால் போதாது, திரும்பியும் வரவேண்டும். ரயிலில் 25,000 வோல்ட் மேல்கம்பியில் வரும் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகத் திரும்புகிறது. அதற்காகவே தண்டவாள இணைப்புகளில் பாண்ட் கம்பி போடுகிறோம். காரில் அந்தத் தண்டவாளம், பாடியும் எஞ்சினும்தான்.

ஒரு சிறு கணக்கு. ஹெட்லைட்டும் ரேடியேட்டர் மின்விசிறியும் சேர்ந்து 20 ஆம்பியர் இழுக்கின்றன. துருப்பிடித்த எர்த் இணைப்பின் தடை 0.025 ஓம். இரண்டையும் பெருக்கினால் 0.5 வோல்ட். த்ராட்டில் சென்சாரோ மொத்தமே 5 வோல்ட்டில் வேலை செய்வது. அதன் எர்த்தும் பாடியில் இருந்தால், பத்தில் ஒரு பங்கு பொய்க்கணக்கு ஈ.சி.யூ.வுக்குப் போகிறது.

எங்கள் குடியிருப்பில் ஒரு பையனின் காரில் இதுதான் நடந்தது. இரவில் விளக்கைப் போட்டால் எஞ்சின் திணறும், கரும்புகை வரும். ஈ.சி.யூ.வையே மாற்றச் சொன்னார் ஒரு மெக்கானிக். சென்சார் எர்த்தை இடம் மாற்றி, புதிய எர்த் பட்டையும் போட்டோம், சரியாகிவிட்டது.

கவனிக்க வேண்டியவை:

1. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு ஒரு தடித்த கேபிளும், எஞ்சினிலிருந்து பாடிக்கு ஒரு பட்டையும் கட்டாயம்.

2. ஈ.சி.யூ.வின் பவர் எர்த் வயர்களை, தயாரிப்பாளரின் வரைபடம் காட்டும் இடத்தில், பெரும்பாலும் எஞ்சினில், ஒரே இடத்தில் இணையுங்கள். சென்சார் எர்த்தைப் பாடியில் கட்டாதீர்கள், ஈ.சி.யூ.வில் அதற்கென உள்ள பின்னுக்கே கொண்டுபோங்கள்.

3. பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் ரிங் டெர்மினலை இறுக்குங்கள். மேலே வாசலின் தடவினால் துரு பிடிக்காது.

4. பாசிட்டிவ் வயரில் பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் வேண்டும். அது காப்பது வயரை; இல்லாவிட்டால் உரசிய இடத்தில் தீப்பிடிக்கும். பெட்ரோல் பம்ப் ரிலேயை ஈ.சி.யூ.வே இயக்கட்டும், விபத்தில் எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும்.

சோதிப்பது எப்படி? மீட்டரின் 'பீப்' ஒலியை நம்பாதீர்கள். ஒரே இழை மிஞ்சிய கேபிளும் 'பீப்' சொல்லும். ஸ்டார்ட்டரின் 150 ஆம்பியரை அது தாங்காது. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சினிலும் தொட்டுக்கொண்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நன்று. அரை வோல்ட்டைத் தாண்டினால் இணைப்புகளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு எஞ்சின் ஓடும்போது, விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் போட்டு, பாடியிலும் அளந்து பாருங்கள்.

இன்னொன்று. வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஸ்பேனரை எடுக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.