மாதவிடாய் வலி: பொறுத்துப் பார்த்துப் போடும் மாத்திரை ஏன் பலிப்பதில்லை?

மகளிர் நலப் புறநோயாளிகள் பிரிவுக்கு மகளை அழைத்துவரும் தாய்மார்கள் பலர் எங்களிடம் சொல்வது ஒன்றுதான்: "மாத்திரை கொடுத்துப் பார்த்தோம், கேட்கவில்லை." எப்போது கொடுத்தீர்கள் என்று நாங்கள் கேட்போம். காலையில் வலி தொடங்கியது, சற்றுப் பொறுத்துக்கொள் என்றோம், வெந்நீர் கொடுத்தோம், நண்பகலில் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்த பிறகுதான் மாத்திரை கொடுத்தோம் என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். இத்தகைய நேர்வுகளிற் பலவற்றில் குறை மாத்திரையில் இல்லை. அதைக் கொடுத்த நேரத்தில் இருக்கிறது.

காரணத்தை அறிந்துகொள்ள, வலி உண்டாகும் விதத்தை முதலில் காண வேண்டும். கருப்பை தசையாலான உறுப்பு. கருத்தரிப்பை எதிர்நோக்கி ஒவ்வொரு மாதமும் தடித்து வளரும் அதன் உட்படலம், கரு தங்காதபோது சிதைந்து உதிர்கிறது. சிதையும் அப்படலத்திலிருந்து புரோஸ்டாகிளாண்டின் எனப்படும் வேதிப்பொருள்கள் வெளிப்பட்டு, கருப்பைத் தசையை இறுகச் சுருங்கச் செய்கின்றன. அவ்வாறு சுருங்கும்போது தசையினூடே செல்லும் இரத்தக் குழாய்கள் நெரிபடுகின்றன. இரத்தம் குறைந்த தசை வலிக்கிறது. மேற்கையில் பட்டையை இறுகக் கட்டிவிட்டு விரல்களை மூடித் திறந்துகொண்டே இருந்தால் சற்று நேரத்தில் கை கடுக்கத் தொடங்குமல்லவா? ஏறத்தாழ அதே நிலைதான் இது. இவ்வேதிப்பொருள்கள் இரத்தத்திலும் கலப்பதால் வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி ஆகியவையும் உடன் வருகின்றன. முதல் இரண்டு நாள்களில் இவற்றின் சுரப்பு மிகுதி. வலியும் அந்நாள்களிலேயே கடுமையாக இருக்கும்.

இவ்வலி மனத்தின் கற்பனை என்று மருத்துவர்களே கருதிய காலம் ஒன்று இருந்தது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கின்றன என்பதை 1971ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் வேன் எடுத்துக்காட்டினார். இத்துறை ஆய்வுகளுக்காக 1982இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. "எல்லாம் மனப்பிரமை" என்று இன்றும் வீட்டில் யாரேனும் சொன்னால், அக்கருத்து அரை நூற்றாண்டுக்கு முன்பே காலாவதியாகிவிட்டது என்று சொல்லலாம்.

மாத்திரையின் நேரம்

இபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம், நாப்ராக்சன் ஆகியவை இவ்வகை மருந்துகள். இவை புரோஸ்டாகிளாண்டின் புதிதாக உருவாவதைத் தடுக்கும். ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்டதை அழிக்க மாட்டா. ஆகவே உதிரப்போக்கோ வலியோ தொடங்கிய உடனேயே முதல் மாத்திரையை எடுத்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நாள் தவறாமல் வருபவர்கள் அதற்கு முதல் நாளே தொடங்குவதும் உண்டு. அதன் பின்னரும் வலி மீண்டும் வரட்டும் என்று காத்திராமல், இரண்டு அல்லது மூன்று நாள்களுக்கு உரிய இடைவெளியில் தொடர வேண்டும். வயது வந்தவர்க்கு இபுபுரூஃபன் வழக்கமாக 400 மில்லிகிராம், 6 முதல் 8 மணி நேர இடைவெளியில், உணவுக்குப் பின். சிறுமியர்க்கு உடல் எடையைப் பார்த்து மருத்துவர் அளவைக் குறிப்பார். பாராசிட்டமால் இவ்வலிக்குச் சற்று வலுக்குறைந்தது. மேற்சொன்னவற்றை எடுக்கக்கூடாதவர்களுக்கு அது உதவும்.

எடுக்கக்கூடாதவர்கள் யாவர்? வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள். வலி மாத்திரையால் மூச்சிரைப்பு வந்த ஆஸ்துமா நோயாளிகள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள். கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்கள். டெங்குவாக இருக்கலாம் என ஐயுறும் காய்ச்சலின்போதும் இவை கூடா. மெஃபெனமிக் அமிலத்தைப் பற்றி இன்னொன்று. அரிதாக இம்மருந்தினால் உள்ளுறுப்புகளையும் தாக்கும் கடும் ஒவ்வாமை வரக்கூடும் என இந்திய பார்மகோபியா ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. செய்தியைக் கண்டு அஞ்சி மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு, அது தேவையில்லை. மாத்திரை எடுத்த சில வாரங்களுக்குள் தோலில் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல் ஆகியவை தோன்றினால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும். மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கும் பழக்கத்தை விடுத்து, ஒரு முறையேனும் மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வீட்டில் செய்யத்தக்கவை

வெப்பம் உண்மையிலேயே வேலை செய்கிறது. அடிவயிற்றில் தொடர்ந்து இதமான சூடு கொடுப்பது வலியை நன்கு தணிப்பதாக ஆய்வுகளிலும் தெரியவந்துள்ளது. வெந்நீர்ப் பையில் கொதிநீரை ஊற்ற வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துணியில் சுற்றி, ஒரு முறைக்கு இருபது நிமிடம் வைத்தால் போதும். மணிக்கணக்காக வைத்துத் தோலில் வலைபோல் கருமை படர்ந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வாரத்தில் மூன்று நாளேனும் முக்கால் மணி நேரம் நடை, யோகா போன்ற உடற்பயிற்சியை மாதம் முழுவதும் செய்து வருவோர்க்கு வலி குறைகிறது. சுக்குக் கஷாயத்தை மூடநம்பிக்கை என்று நாங்கள் ஒதுக்குவதில்லை. உலர்ந்த இஞ்சித் தூள் முதல் மூன்று நாள்களில் பயன் தருவதாகச் சிறிய ஆய்வுகள் சில கூறுகின்றன. ஆயினும் கடும் வலிக்கு அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். தீட்டு என்று சொல்லித் திண்ணையிலோ தனி மூலையிலோ வெறுந்தரையில் படுக்கவைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் தொடர்கிறது. வலியில் இருப்பவர்க்கு வேண்டியவை மெத்தையும் சூடான உணவும் அருகில் ஓர் ஆளும்.

வேறு நோயாக இருக்கும்போது

பூப்படைந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் தொடங்கி, மாதந்தோறும் உதிரப்போக்கோடு வந்து, மூன்று நாளுக்குள் அடங்கும் வலி பெரும்பாலும் மேலே சொன்ன வகையைச் சேர்ந்தது. இதற்கு மாறானவை உண்டு. உதிரப்போக்குக்குப் பல நாள் முன்பே தொடங்குவது, ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போவது, மலம் கழிக்கும்போதோ தாம்பத்திய உறவின்போதோ வலிப்பது, முப்பது வயதுக்கு மேல் புதிதாக வருவது ஆகியவற்றின் பின்னால் வேறு நோய் இருக்கலாம். அவற்றுள் முதன்மையானது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு சினைப்பை, குடலின் மேற்பரப்பு போன்ற பிற இடங்களில் வளர்வதே இந்நோய். இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரை இது தாக்குவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆயினும் நோய் கண்டறியப்படுவதற்குள் பல ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்ற சொல்லுக்கு இத்தாமதத்தில் பங்குண்டு. மகப்பேற்றுக்குப் பின் சிலருக்குச் சாதாரண வலி குறைவது மெய்தான். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவரோ அவ்வாறு காத்திருக்கும் ஆண்டுகளில் கருத்தரிக்கும் திறனையே இழக்க நேரிடலாம்.

மூன்று மாதங்கள் முறையாக மாத்திரை எடுத்தும் பள்ளிக்கோ வேலைக்கோ செல்ல இயலவில்லை என்றால் மருத்துவரிடம் வாருங்கள். மணமாகாத பெண்ணுக்கு உள்பரிசோதனை செய்துவிடுவார்கள் என்று அஞ்சியே பலர் வருவதைத் தள்ளிப்போடுகின்றனர். இளம்பெண்களுக்கு நாங்கள் அதைச் செய்வதில்லை. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் முதலில் போதும். அந்த ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. வலி தொடர்ந்தால் மீண்டும் வர வேண்டும். சிலருக்கு ஹார்மோன் மாத்திரை பரிந்துரைப்போம். கருத்தடை மாத்திரை என்ற பெயரைக் கேட்டுத் தாய்மார்கள் திடுக்கிடுகின்றனர். அது உட்படலம் தடித்து வளர்வதைக் குறைப்பதால் வலி குறைகிறது. நிறுத்திய பின் கருத்தரிக்கும் திறனுக்கு அதனால் நிலையான கேடு இல்லை. உயர் இரத்த அழுத்தம், இரத்தக்கட்டு, கண் முன் ஒளிக்கீற்றுத் தெரியும் ஒற்றைத் தலைவலி ஆகியவை உள்ளவர்க்கு மட்டும் வேறு வழி பார்ப்போம்.

நாள் தள்ளிப்போன பின் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, மயக்கம், காய்ச்சலுடன் கூடிய வலி, மணிக்கொரு நாப்கின் நனையும் உதிரப்போக்கு ஆகியவற்றுக்குப் புறநோயாளிகள் பிரிவின் நேரத்தை எதிர்பார்க்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். பூப்படையாத சிறுமிக்கு மாதந்தோறும் வயிற்றுவலி வந்தாலும் காட்ட வேண்டும். உதிரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கியிருக்கக்கூடும்.

வரும்போது ஒரு சிறு குறிப்பேட்டைக் கொண்டுவந்தால் எங்கள் வேலை பாதி குறையும். உதிரப்போக்குத் தொடங்கிய தேதி, வலி தொடங்கிய நேரம், பத்துக்கு எவ்வளவு வலி, மாத்திரை எடுத்த மணி, எவ்வளவு நேரத்தில் தணிந்தது, விடுப்பு எடுத்த நாள் ஆகியவற்றை மூன்று மாதங்களுக்கு எழுதி வையுங்கள். பார்வையின்போது மகளிடம் சில நிமிடங்கள் தனியே பேசுவதற்காக உடன் வந்தவரை வெளியில் காத்திருக்கச் சொல்வோம். தாயாயினும் தந்தையாயினும் அதைத் தவறாக எண்ண வேண்டாம்.