எழுதாத விசைகள்

காரியாபட்டியிலிருந்து நாள்தோறும் பேருந்தேறிக் கல்லூரிக்கு வரும் மாணவர்களுள் நானும் ஒருவன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழி. கணினியைத் தொட்டதே கல்லூரிக்கு வந்த பின்னர்தான். எழுத்து விசைகள் எனக்கு அச்சம் தரவில்லை. அவற்றைச் சுற்றிக் காவல் நிற்கும் விசைகளே என்னை மிரட்டின.

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். கணினி மையம் ஒன்றில் அமர்ந்து கடவுச்சொல்லை இருமுறை இட்டேன். இருமுறையும் தவறு என்றே வந்தது. உள்ளங்கை வியர்த்துவிட்டது. அடுத்த இருக்கையிலிருந்த அக்கா ஒருவர் விசைப்பலகையில் எரிந்த சிறு விளக்கைக் காட்டி, "கேப்ஸ் லாக் போட்டிருக்கு பாருங்க தம்பி" என்றார். விண்ணப்பம் சென்றது. அன்றே இவ்விசைகளைக் கற்பதென உறுதி கொண்டேன். கற்றதைத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

'ஷிப்ட்' என்பதற்கு இடம்பெயர்த்தல் என்பது பொருள். 1878இல் வந்த ரெமிங்டன் இரண்டாம் எண் தட்டச்சுப் பொறியில் ஒரே தண்டில் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் இருந்தன. இவ்விசையை அழுத்தினால் காகிதம் தாங்கும் பகுதி இடம்பெயரும். பெரிய எழுத்து பதியும். கணினியில் எதுவும் நகர்வதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கேப்ஸ் லாக் ஆங்கில எழுத்துகளைப் பெரியனவாக்கும், எண்களைத் தொடாது. கடவுச்சொல் திரையில் புள்ளிகளாகவே தெரிவதால் பிழை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. என் இடரின் காரணம் இதுவே.

கன்ட்ரோல், ஆல்ட் விசைகள் எங்கள் வட்டாரத்து வெடித்திரி போன்றவை. திரி தானாக வெடிப்பதில்லை. மருந்தோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். கன்ட்ரோலுடன் 'எஸ்' சேர்ந்தால் எழுதியது சேமிக்கப்படும். 'இசட்' சேர்ந்தால் கடைசியாகச் செய்தது நீங்கும். 1981இல் வெளியான ஐ.பி.எம். கணினிக்காக, அதை மீண்டும் தொடக்கும் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் என்னும் முக்கூட்டை அமைத்தவர் டேவிட் பிராட்லி. தவறிக் கைபட்டு நிகழாதிருக்கவே விசைகள் தள்ளித் தள்ளித் தேர்ந்தெடுக்கப்பட்டன.

பேக்ஸ்பேஸ் இடப்பக்க எழுத்தை அழிக்கும். டெலிட் வலப்பக்க எழுத்தை அழிக்கும். தட்டச்சுப் பொறியிலோ பேக்ஸ்பேஸ் எதையும் அழிக்காது. ஓரிடம் பின்னே நகர்த்தும், அவ்வளவே.

நம் தமிழுக்கு வருவோம். 247 எழுத்துகளையும் சில பத்து விசைகளில் அடக்குவது எவ்வாறு? தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா நகரா விசைகளைக் கையாண்டார். புள்ளியைத் தட்டினால் காகிதம் நகராது; அடுத்த எழுத்து அதன் கீழேயே பதியும். 1999இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ் 99' பலகையில் உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியவை. அ, ம, ம, ஆ எனத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும். முதல் மகரம் தானே புள்ளி பெறும். இங்கு ஷிப்ட் தேவைப்படுவது ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கே.

தோழர்களே! தெரியாத விசையைக் கண்டு கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். அருகிலிருப்பவரைக் கேளுங்கள், நாளை உங்கள் அருகில் ஒருவர் திகைத்தால் விளக்கைச் சுட்டிக்காட்டுங்கள். அந்த அக்காவின் பெயரை நான் கேட்கவில்லை. அவருக்கான நன்றியே இக்கட்டுரை.