கையில் முதல் இருந்தால்...

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரை)

முன்னுரை

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் பெரியோர் சொன்ன பழமொழி. ஏழைகளுக்கு உதவி என்ற பேச்சு எழும்போதெல்லாம் இப்பழமொழியைப் பலர் நினைவூட்டுவர். “அரிசி கொடுங்கள், துணி கொடுங்கள், பணத்தை மட்டும் கையில் கொடுக்காதீர்கள், ஒரே நாளில் தீர்த்து விடுவார்கள்” என்பது அவர்கள் வாதம். இது உண்மையா? நகரத்தில் வாழும் ஏழைக் குடும்பம் ஒன்றின் கையில் நேரடியாகப் பணம் சேர்ந்தால் அக்குடும்பம் ஒரு சிறு தொழிலைத் தொடங்கி நிலைநிறுத்த முடியுமா? இதனைச் சான்றுகளோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் இல்லாதவர் நிலை

கிராமத்தில் வறியவர்க்கும் வீட்டுக் கொல்லையில் நாலு முருங்கை, இரண்டு கோழி இருக்கக் கூடும். நகரத்து ஏழைக்கு அதுவும் இல்லை. குடிக்கும் தண்ணீர் முதல் அடுப்பெரிக்கும் எரிபொருள் வரை அனைத்தும் காசு. கணவர் கட்டட வேலைக்கோ வெள்ளையடிக்கும் வேலைக்கோ சென்றால் அன்றன்று கூலி உண்டு. மழை பெய்தால் அதுவும் இல்லை. எனவே குடும்பத்தலைவி கீரை விற்கிறாள், பூக்கட்டுகிறாள், மாலையில் வடை சுடுகிறாள். அவளிடம் உழைப்பு இருக்கிறது, கைப்பக்குவம் இருக்கிறது, வாடிக்கையாளரும் இருக்கிறார்கள். இல்லாதது ஒன்றே ஒன்று: முதல்.

அந்த முதலுக்காக அவள் தண்டல்காரரிடம் போகிறாள். பத்தாயிரம் என்று பேர். முன்கூட்டியே வட்டியைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தருவார். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆண்டில் மூன்று முறை இவ்வாறு வாங்கினால் 4,500 ரூபாய் வட்டியாகவே போய்விடும். தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகிய அனைத்தையும் தமிழ்நாடு அரசு 2003-ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றித் தடை செய்தது. ஆயினும் தேவை இருக்கும் வரை தண்டல்காரரின் வண்டியும் தெருவுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

சென்னையில் காய்கனி விற்போரிடம் பொருளாதார அறிஞர்கள் விசாரித்தபோது ஒரு செய்தி தெரியவந்தது. பலர் விடியற்காலையில் கடன் வாங்கிச் சரக்கெடுத்து, விற்று, அன்று மாலையே திருப்பித் தருகின்றனர். அதற்கு அவர்கள் கொடுத்த வட்டி சராசரியாக நாளொன்றுக்கு நூற்றுக்கு 4.69 ரூபாய்! நாம் கணக்குப் பாடத்தில் படிக்கும் வட்டியெல்லாம் ஆண்டு வட்டி. இதுவோ ஒரு பகல் பொழுதுக்குரிய வட்டி.

தோழியரே, இதனை நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். காலையில் 1,000 ரூபாய் வாங்கினால் மாலையில் ஏறத்தாழ 1,047 ரூபாய் தர வேண்டும். மாதத்தில் 25 நாள் வியாபாரம் நடந்தால் வட்டி 47 x 25 = 1,175 ரூபாய். ஆண்டுக்கு 300 நாள் என்றால் 14,100 ரூபாய். அதாவது, ஆயிரம் ரூபாய் சொந்தமாக இல்லாத குற்றத்துக்காக ஓராண்டில் பதினாலாயிரம் ரூபாய் தண்டம்!

இதையே மறுபக்கம் திருப்பிப் பார்ப்போம். யாரேனும் அந்தப் பெண்ணுக்கு 1,000 ரூபாயை ஒரே ஒரு முறை உதவியாகக் கொடுத்தால், அவள் அதனைக் கலைக்காமல் முதலாக வைத்துக்கொண்டால், மாதம் 1,175 ரூபாய் அவள் வீட்டுக்கே வரும். அவள் கூடுதலாக ஒரு கூறு தக்காளிகூட விற்க வேண்டியதில்லை.

பாதிக் கிரைண்டர் உண்டா?

நேரடிப் பண உதவியின் தனிச்சிறப்பு, தேவை இன்னதென்று குடும்பமே முடிவு செய்ய முடிவதுதான். எல்லாருக்கும் தையல் இயந்திரம் கொடுத்தால், தைக்கத் தெரியாதவள் அதை அரை விலைக்கு விற்று விடுவாள். பணமாகக் கொடுத்தாலோ ஒருத்தி தராசு வாங்குவாள். ஒருத்தி அடகில் இருக்கும் தள்ளுவண்டியை மீட்பாள். மற்றொருத்தி கிரைண்டர் வாங்கி இட்லி மாவு அரைத்து விற்பாள்.

ஆனால் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தொழில் தொடங்க மொத்தமாகப் பணம் வேண்டும். பாதிக் கிரைண்டரை யாராலும் வாங்க முடியாது. சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கலாமே என்றால், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலே சேர்த்தது கரைந்துவிடும்.

இலங்கையில் ஓர் ஆய்வு

2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலைக்குப் பின், 2005-ஆம் ஆண்டில் தென்னிலங்கையில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் வுட்ரப் ஆகிய அறிஞர்கள், சிறு தொழில் செய்வோர் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அந்நாட்டு நாணயத்தில் 10,000 அல்லது 20,000 ரூபாய் பெறுமான உதவி வழங்கினர். சிலருக்குப் பணமாகவும் சிலருக்குப் பொருளாகவும் தரப்பட்டது. திருப்பித் தர வேண்டியதில்லை. விளைவு என்ன? முதலுக்கு மாதந்தோறும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து வீதம் லாபம் கூடியது. எந்த வங்கியும் தராத வருவாய் இது.

ஆனால் இந்த ஆய்வின் இன்னொரு முடிவு பெண்களாகிய நம்மைத் திடுக்கிட வைக்கிறது. லாபம் கூடியது ஆண்கள் நடத்திய தொழில்களில்தான். பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரியாக லாபம் கூடவே இல்லை! பெண்களுக்கு வியாபாரத் திறமை இல்லையா? அப்படியன்று. 2019-இல் வெளியான வேறோர் ஆய்வு இக்கணக்குகளை மீண்டும் ஆராய்ந்தது. ஒரே வீட்டில் கணவனும் தொழில் செய்தால், மனைவிக்குக் கொடுத்த பணம் கணவனின் தொழிலுக்குள் போயிருந்தது. வீட்டிலேயே அவள் தொழில் ஒன்றுதான் என்றிருந்த பெண்கள் ஆண்களுக்கு இணையாக முன்னேறியிருந்தனர். குறை திறமையில் இல்லை. பணம் யார் கையில் நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது.

கடனை அடைத்தால் மட்டும் போதுமா?

நேரடி உதவியைப் புகழ்வோர் மறைக்கக் கூடாத உண்மை ஒன்றும் உண்டு. இந்தியாவிலும் பிலிப்பைன்ஸ் நாட்டிலும் சந்தை வியாபாரிகள் வட்டிக்காரரிடம் பட்டிருந்த கடனை ஆய்வாளர்கள் முழுவதுமாக அடைத்துப் பார்த்தனர். பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மீண்டும் கடன் வாங்கிவிட்டனர்.

இதைப் படித்தவுடன் “பார்த்தீர்களா, அவர்கள் திருந்தவே மாட்டார்கள்” என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். முதல் என்பது நாற்று போன்றது. வேலி இல்லாவிட்டால் ஆடு மேய்ந்துவிடும். அந்த வியாபாரிக்குச் சேமிக்கப் பாதுகாப்பான இடம் இல்லை. மழை நாளில் கீரை அழுகும். பிள்ளையின் பள்ளிச் செலவு ஜூன் மாதத்தில் வந்து நிற்கும். இவற்றுள் ஏதேனும் ஒன்று வந்தாலும் கலைவது அந்த முதல்தான்.

மாதம் ஆயிரம்

அப்படியானால் வேலி எது? மாதந்தோறும் தவறாமல் வரும் சிறு தொகையே வேலி என்பது என் கருத்து. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தின்படி, 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தலைவியர் மாதம் 1,000 ரூபாய் பெறத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பணம் அவர்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே சேர்க்கப்பட்டது. அதற்கு ‘உதவி’ என்று பெயரிடாமல் ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டது சிறப்பு.

ஆயிரத்தில் தொழில் தொடங்க முடியுமா என்று கேட்கலாம். நம் தெருப் பெண்களுக்கு அதற்கு விடை தெரியும், அதுதான் சீட்டு! பன்னிரண்டு பெண்கள் மாதம் ஆயிரம் போட்டால், மாதம் ஒருத்திக்கு 12,000 ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும். கென்யா நாட்டுக் கிராமங்களில் மாதந்தோறும் உதவித்தொகை பெற்ற மக்களும் இதே போன்ற சேமிப்புக் குழுக்கள் மூலம் சிறு தொகையைப் பெருந்தொகையாக்கியதை ஆய்வாளர்கள் 2023-இல் எடுத்துரைத்தனர். சீட்டு பிடித்தவர் ஓடிவிடும் ஆபத்து இருப்பதால், முன்பின் அறியாதவரிடம் போடுவதைவிட, வங்கிக் கணக்குள்ள மகளிர் சுய உதவிக் குழுவில் சேமிப்பதே பாதுகாப்பு. நம் மாநிலத்தில் இக்குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தோன்றியவை.

குடித்துத் தீர்த்து விடுவார்களா?

இனி, தொடக்கத்தில் கண்ட வாதத்துக்கு வருவோம். உலக வங்கியின் ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பண உதவி பெற்றவர்கள் மதுவுக்கும் புகையிலைக்கும் செய்யும் செலவு பொதுவாகக் கூடவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. குடிக்கிற சிலர் எல்லா இடத்திலும் உண்டு, பணக்காரர் வீட்டிலும் உண்டு. அதற்காகக் காலை நான்கு மணிக்குச் சந்தைக்குப் போகும் தாயைச் சந்தேகிப்பது நியாயமாகுமா?

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் மூன்று உண்மைகள் விளங்குகின்றன. தொழில் தொடங்க, திருப்பிக் கேட்காத ஒரு மொத்தத் தொகை வேண்டும். தொடங்கிய தொழிலைக் காக்க, மாதம் தவறாத ஒரு சிறு தொகையும் பாதுகாப்பான சேமிப்பும் வேண்டும். அத்தொகை பெண்ணின் கைக்கு வருவதோடு அவள் கையிலேயே நிற்கவும் வேண்டும்.

அளந்து போடச் சொன்னார்கள் நம் முன்னோர். போடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளொன்றுக்கு 47 ரூபாய் என்பது நமக்கு ஒரு பேனாவும் மிட்டாயும் வாங்கும் காசு. ஒரு கீரைக்காரிக்கோ அதுதான் கடனாளியாய் இருப்பதற்கும் முதலாளியாய் ஆவதற்கும் இடையே உள்ள தூரம். அந்தத் தூரத்தை அவள் உழைப்பால் மட்டும் கடக்க முடியாதபோது, கைகொடுத்துக் கடக்கச் செய்வது சமுதாயத்தின் கடமை.